ஜாவாவில் லிங்க்டு லிஸ்டை அரேவாக்குவதும் அரேவை லிஸ்டாக்குவதும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து பெயர்களைப் படித்து ஜாவாவின் லிங்க்டுலிஸ்டில், அதாவது ஒவ்வொரு உறுப்பும் நோடு என்ற சிறு பெட்டியில் இருந்து அடுத்த நோடைச் சுட்டும் பட்டியலில், சேர்க்கிறீர்கள். நீங்கள் பயன்படுத்தும் பழைய லைப்ரரி ஸ்டிரிங் அரேவை (எழுத்துச் சரங்கள் அடுத்தடுத்து இருக்கும் நிலையான நீள வரிசையை) மட்டும்தான் வாங்குகிறது, திருப்பித் தருவதும் ஸ்டிரிங் அரேதான். லிஸ்டின் டூஅரே மெத்தடைக் கூப்பிட்டு ஸ்டிரிங் அரே என்று காஸ்ட் செய்தால் (இதை அந்த வகையாக எடுத்துக்கொள் என்று சொன்னால்) கம்பைல் ஆகிறது, ஓட்டினால் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் என்ற பிழை வருகிறது. திரும்பி வந்த அரேவை அரேஸ்.ஆஸ்லிஸ்ட் வழியாக லிஸ்டாக்கி ஒரு பெயரைச் சேர்க்கப் போனால் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்செப்ஷன். இரண்டும் ஏன் நடக்கின்றன, எந்த வழி வேகமானது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் காஸ்ட். உள்ளே எதுவும் தராமல் டூஅரே() என்று கூப்பிட்டால் கிடைப்பது ஆப்ஜெக்ட் அரே. அதில் இருப்பவை எல்லாமே ஸ்டிரிங்குகள்தானே என்று நமக்குத் தோன்றும். ஜாவா பார்ப்பது உள்ளே இருப்பதை அல்ல, அந்த அரே எந்த வகையாக உருவாக்கப்பட்டது என்பதை. ஜாவாவில் ஒவ்வொரு அரேவும் தன் உறுப்புகளின் வகையை ஓடும் நேரத்திலும் சுமந்துகொண்டே இருக்கும். ஆப்ஜெக்ட் அரேவாகப் பிறந்தது கடைசிவரை ஆப்ஜெக்ட் அரேதான்.

அப்படியானால் லிஸ்டே ஸ்டிரிங் அரேவாக உருவாக்கித் தந்திருக்கலாமே? தர முடியாது. தன்னிடம் இருப்பது ஸ்டிரிங் என்று லிஸ்டுக்கே தெரியாது. லிஸ்டில் எந்த வகை உறுப்பு என்று குறிக்கும் ஜெனரிக்ஸ் வசதி வந்தது 2004-இல், ஜாவா 5-உடன். அதற்கு முன் எழுதிய கோடு (code) எதுவும் உடையக்கூடாது என்பதற்காக, கோண அடைப்புக்குறிக்குள் நாம் எழுதும் வகையைக் கம்பைலர் சரிபார்த்துவிட்டு அழித்துவிடும்படி வடிவமைத்தார்கள். ஓடும்போது லிங்க்டுலிஸ்ட்<ஸ்டிரிங்>, லிங்க்டுலிஸ்ட்<இன்டிஜர்> இரண்டும் ஒரே கிளாஸ். வகையை மறக்காத அரேவும் வகையை மறந்துவிட்ட லிஸ்டும் சந்திக்கும் இடத்தில்தான் உங்கள் எக்செப்ஷன் பிறக்கிறது.

ஆகவே எந்த வகை வேண்டும் என்பதை நாம்தான் கையில் கொடுக்க வேண்டும். பெயர்கள்.டூஅரே(நியூ ஸ்டிரிங்[0]) என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்ய நீள அரே வெறும் மாதிரி. அதன் வகையைப் பார்த்து, தேவையான நீளத்தில் புதிய ஸ்டிரிங் அரேவை ஜாவா உருவாக்கித் தரும். 2018-இல் வந்த ஜாவா 11 முதல் பெயர்கள்.டூஅரே(ஸ்டிரிங்[]::நியூ) என்றும் எழுதலாம். விளைவு ஒன்றுதான், படிக்க இது கொஞ்சம் அழகு.

கொடுக்கும் மாதிரி அரே போதுமான நீளத்தில் இருந்தால் ஜாவா புதிதாக ஒன்றை உருவாக்காது, நீங்கள் கொடுத்ததையே நிரப்பித் திருப்பித் தரும். லிஸ்டைவிட அது நீளமாக இருந்தால், கடைசி உறுப்புக்கு அடுத்த இடத்தில் ஒரே ஒரு நல்லை (null, எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) வைக்கும். அதற்குப் பின்னால் இருப்பதைத் தொடாது. ஒரே அரேவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்: போன தடவை வைத்த பெயர்கள் வாலில் அப்படியே கிடக்கும்.

சைஸ் அளவில் அரே கொடுப்பதா, பூஜ்யம் கொடுப்பதா என்பது பழைய சண்டை. சரியான நீளத்தில் கொடுத்தால் இரண்டாவது அரே தேவைப்படாது, அதனால் வேகம் என்று பல ஆண்டுகள் எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். 2016-இல் ஜாவா வேக நிபுணர் அலெக்ஸே ஷிபிலியோவ் இதை அளந்து பார்த்து, அரேலிஸ்டில் பூஜ்ய நீளம்தான் வேகம் என்று காட்டினார். காரணம் சுவையானது. நாம் நியூ என்று சொன்னதும் ஜாவா அந்த அரே முழுவதையும் முதலில் நல்லால் நிரப்பும், பிறகுதான் உறுப்புகள் வந்து உட்காரும். உருவாக்குவதையும் நகலெடுப்பதையும் ஒரே இடத்தில் லைப்ரரியே செய்தால், எப்படியும் எல்லா இடமும் நிரம்பப்போகிறது என்று ஓடும்போதே கோடை இயந்திர மொழியாக்கும் ஜிட் கம்பைலருக்குத் தெரிந்துவிடும், அந்த முதல் நிரப்பலை அது தவிர்த்துவிடும். லிங்க்டுலிஸ்ட் நோடு நோடாக நடந்து நிரப்புவதால் இந்த லாபம் அங்கே கிடைக்காது, பெரிய வித்தியாசம் வரவும் வழியில்லை. அப்படியும் நான் பூஜ்யத்தையே எழுதுவேன். பல த்ரெடுகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) பகிரும் சின்க்ரனைஸ்டு லிஸ்டாக இருந்தால் சைஸைக் கேட்கும் நொடிக்கும் டூஅரே ஓடும் நொடிக்கும் இடையில் வேறொரு த்ரெட் உறுப்பை நீக்கிவிடலாம், அப்போது வாலில் நல் வந்து உட்காரும். பூஜ்யத்தில் அந்த ஆபத்து இல்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதியதுபோல காஸ்ட் செய்யும் கோடு சில பழைய புரொஜெக்டுகளில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் ஜாவாவின் ஒரு பிழை. அரேஸ்.ஆஸ்லிஸ்ட் தரும் லிஸ்டில் டூஅரே() கூப்பிட்டால், ஆப்ஜெக்ட் அரே வர வேண்டிய இடத்தில் உள்ளே இருந்த ஸ்டிரிங் அரேவின் நகலே வந்துகொண்டிருந்தது. 6260652 என்ற எண்ணில் பதிவான இந்தப் பிழையை ஜாவா 9-இல்தான் திருத்தினார்கள். அரேலிஸ்டின் மூலக் கோடில்கூட இந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கமெண்ட் நெடுநாள் இருந்தது. அதன் தயவில் ஓடிக்கொண்டிருந்த காஸ்டுகள் ஜாவா 8-இலிருந்து 9-க்கு மாறிய அன்று விழுந்தன. லிங்க்டுலிஸ்டில் அந்தக் காஸ்ட் எந்தப் பதிப்பிலும் ஓடியதில்லை.

இனி எதிர்த் திசை. அரேஸ்.ஆஸ்லிஸ்ட் எதையும் நகலெடுப்பதில்லை. அதே அரேவுக்கு லிஸ்ட் என்ற சட்டையை மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே உடம்பு அரேதான் என்பதால் நீளம் மாறாது, ஆட், ரிமூவ் இரண்டும் எக்செப்ஷன் தரும். செட் மட்டும் வேலை செய்யும். வேலை செய்வதோடு நிற்காது, மூல அரேவையும் மாற்றிவிடும். அரேவில் நேராகக் கைவைத்தாலும் லிஸ்டில் அது தெரியும். உங்களுக்கு எக்செப்ஷன் வந்தது ஒரு வகையில் நல்லதுதான், உடனே தெரிந்துவிட்டது. செட் செய்து, லைப்ரரி தன்னிடம் வைத்திருக்கும் அரேவின் உள்ளடக்கத்தையே சத்தமில்லாமல் மாற்றியிருந்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இந்த ஆஸ்லிஸ்ட் தரும் பொருளின் கிளாஸ் பெயரும் அரேலிஸ்ட்தான் என்பது கூடுதல் குழப்பம். ஆனால் அது ஜாவா.யூடில்.அரேலிஸ்ட் அல்ல, அரேஸ் கிளாஸுக்குள் ஒளிந்திருக்கும் வேறொரு சின்ன கிளாஸ். டீபக்கரில் பெயரைப் பார்த்துவிட்டு "அரேலிஸ்ட்தானே, ஏன் ஆட் ஆகவில்லை" என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

உண்மையான நகல் வேண்டுமானால் நியூ லிங்க்டுலிஸ்ட்<>(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(அ)) என்று சுற்றிவிடுங்கள் (அ என்பது அந்த அரே). இப்போது ஒவ்வொரு உறுப்புக்கும் தனி நோடு, மூல அரேவோடு தொடர்பு இல்லை, ஆட் செய்யலாம். இதற்குள் நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கன்ஸ்ட்ரக்டர் ஆட்ஆல் மெத்தடைக் கூப்பிடும், ஆட்ஆல் தனக்கு வந்த லிஸ்டில் முதல் வேலையாக டூஅரே() கூப்பிடும். அதாவது அரேவை லிஸ்டாக வேடமிட்டு அனுப்பினோம், அது மறுபடி ஒரு தற்காலிக அரேவாக நகலாகி, அதிலிருந்துதான் நோடுகள் கட்டப்படுகின்றன. அந்த நடு நகல் வேண்டாமென்றால் வெறும் லிஸ்டை உருவாக்கி கலெக்‌ஷன்ஸ்.ஆட்ஆல்(லிஸ்ட், அ) எழுதலாம், அது ஒவ்வொன்றாகச் சேர்க்கும். சில ஆயிரம் பெயர்களுக்கு இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஜாவா 9-இல் வந்த லிஸ்ட்.ஆஃப் உங்களுக்கு உதவாது: நகல்தான் எடுக்கும், ஆனால் அதில் செட்கூடச் செய்ய முடியாது, அரேவில் ஒரு நல் இருந்தாலும் அங்கேயே நல்பாயிண்டர்எக்செப்ஷன்.

நகல் என்று நான் சொல்வதெல்லாம் மேலோட்டமான நகல் என்பதையும் நினைவில் வையுங்கள். நகலாவது பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ்கள் மட்டும். ஸ்டிரிங் மாறாத பொருள் என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. நாளைக்குப் பெயருக்குப் பதில் வாடிக்கையாளர் ஆப்ஜெக்டுகளை வைத்தீர்கள் என்றால், லிஸ்டில் ஒருவருடைய முகவரியை மாற்றினால் அரேவிலும் மாறியிருக்கும், ஏனென்றால் இரண்டும் காட்டுவது ஒரே ஆளை.

பெயர்களுக்குப் பதில் எண்கள் வந்தால் வேறு ஒரு குழி காத்திருக்கிறது. இன்ட் அரேவை ஆஸ்லிஸ்டுக்குக் கொடுத்தால் எண்களின் லிஸ்ட் வராது, ஒரே ஓர் உறுப்புள்ள லிஸ்ட் வரும், அந்த உறுப்பே முழு அரே. இன்ட் என்பது ஆப்ஜெக்ட் அல்ல, ஜெனரிக்ஸுக்குள் அது நுழையாது. நுழையக்கூடிய ஒரே பொருள் அரேதான் என்று கம்பைலர் முடிவு செய்துவிடும். எண்களுக்கு ஸ்ட்ரீம் வழிதான் சரி: அரேஸ்.ஸ்ட்ரீம்(அ).பாக்ஸ்டு() என்று ஒவ்வொன்றையும் இன்டிஜராக்கி லிஸ்டில் சேகரியுங்கள். திரும்பும்போது லிஸ்ட்.ஸ்ட்ரீம்().மேப்டூஇன்ட்(இன்டிஜர்::இன்ட்வேல்யூ).டூஅரே(). லிஸ்டில் நல் இருந்தால் இங்கே விழும். அப்புறம், இன்டிஜர்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா ஒரே பொருளைத் திரும்பப் பயன்படுத்துவதால் சோதனையில் சரியாக ஓடும், பெரிய எண் வந்ததும் பொய் சொல்லும். ஈக்வல்ஸ் போடுங்கள்.

வேகத்துக்கு வருவோம். மேலே சொன்ன எல்லா மாற்றமும் ஒரே ஓட்டம்தான், உறுப்புகள் இரட்டித்தால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். கெடுப்பது நாமே எழுதும் லூப். பூஜ்யத்திலிருந்து சைஸ் வரை ஐ-யை ஏற்றி, லிஸ்ட்.கெட்(ஐ) எடுத்து அரேவில் போடும் கோடைக் கல்லூரிப் பாடத்திலிருந்து பலர் அப்படியே கொண்டுவருகிறார்கள். லிங்க்டுலிஸ்டில் கெட்(ஐ) என்றால் ஒரு முனையிலிருந்து நோடு நோடாக நடந்து போக வேண்டும். ஜாவாவின் லிங்க்டுலிஸ்ட் இரு பக்க இணைப்பு உள்ளது, ஐ பாதிக்கு மேல் என்றால் வாலிலிருந்து நடக்கும், அந்த அளவு புத்தி அதற்கு உண்டு. இருந்தும் 1 லட்சம் உறுப்புகள் என்றால் சராசரியாக ஒவ்வொரு கெட்டுக்கும் 25,000 நோடுகள், மொத்தம் 250 கோடி அடிகள். டூஅரே அதே வேலையை 1 லட்சம் அடிகளில் முடிக்கும். ஏதாவது காரணத்துக்காகச் சொந்த லூப்தான் வேண்டுமென்றால் ஃபார்-ஈச் எழுதுங்கள். அது இட்டரேட்டர் வழியாகப் போகும், நின்ற இடம் அதற்கு நினைவிருக்கும்.

சரி, "அரேவாக மாற்றுவது செலவு, அதனால் லிங்க்டு லிஸ்டிலேயே எல்லாவற்றையும் செய்கிறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஜாவாவின் மூலக் கோடைக் காட்டலாம். லிங்க்டுலிஸ்டில் சார்ட் கூப்பிட்டால் என்ன நடக்கிறது? முழு லிஸ்டும் அரேவாகக் கொட்டப்படுகிறது. டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதி, 2011-இல் ஜாவா 7-க்கும் வந்த டிம்சார்ட் அந்த அரேவை வரிசைப்படுத்துகிறது. பிறகு லிஸ்ட்இட்டரேட்டர் ஒவ்வொரு நோடாக நடந்து புதிய மதிப்பை செட் செய்கிறது. நோடுகளின் இணைப்பை யாரும் தொடுவதே இல்லை. ஷஃபிளும் அப்படித்தான்: 5 உறுப்புக்குக் குறைவான லிஸ்டை அப்படியே கலைக்கும், அதற்கு மேல் போனால் அரேவில் கொட்டிக் கலைத்துத் திரும்ப எழுதும். பேரலல் ஸ்ட்ரீம் இன்னும் வேடிக்கை. லிங்க்டு லிஸ்டை நடுவில் வெட்ட முடியாது, நடு எங்கே என்று தெரிய நடந்தாக வேண்டும். அதனால் முதலில் 1,024 உறுப்புகளை ஓர் அரேவில் அள்ளி ஒரு த்ரெடுக்குக் கொடுக்கும், அடுத்து 2,048, அடுத்து 3,072 என்று போகும். லிங்க்டு லிஸ்டைக் கொண்டு கனமான வேலை எதைச் செய்யச் சொன்னாலும் லைப்ரரி எழுதியவர்கள் அதை அரேவாக்கிக்கொண்டுதான் தொடங்குகிறார்கள்.

ஏன் என்றால் மெமரி. கம்ப்ரஸ்டு பாயிண்டர்களோடு (சுருக்கிய 4 பைட் முகவரிகளோடு) ஓடும், ஜாவா புரோகிராம்களை இயக்கும் வழக்கமான 64 பிட் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நோடு 24 பைட்: ஆப்ஜெக்ட் ஹெட்டர் 12, உறுப்பு, அடுத்தது, முந்தையது என மூன்று ரெஃபரன்ஸ்கள் தலா 4. அரேவில் அதே உறுப்புக்கு ஒரு ரெஃபரன்ஸ், 4 பைட். 10 லட்சம் பெயர்களுக்கு ஒரு பக்கம் 24 எம்பி, மறுபக்கம் 4 எம்பி. பெயர்கள் பிடிக்கும் இடம் இரண்டுக்கும் பொது. அளவைவிட முக்கியமானது அடுக்கு. பிராசசர் மெமரியிலிருந்து எடுப்பது பொதுவாக 64 பைட் துண்டுகளாக. அரேவில் ஒரு துண்டில் 16 ரெஃபரன்ஸ்கள் சேர்ந்து வந்துவிடும், அடுத்த துண்டு எது என்பதையும் பிராசசர் முன்கூட்டியே ஊகித்து எடுத்து வைக்கும். நோடுகள் சிதறிக் கிடந்தால் இந்த நோடைப் படித்து முடித்த பிறகுதான் அடுத்தது எங்கே என்றே தெரியும்.

நேர்காணலுக்காக நோடு கிளாஸை நீங்களே எழுதியிருந்தால் டூஅரே எதுவும் இருக்காது. அப்போது இரண்டு நடை: முதல் நடையில் எண்ணுங்கள், அந்த நீளத்தில் அரேவை உருவாக்கி இரண்டாம் நடையில் நிரப்புங்கள். ஒரே நடையில் முடிக்க அரேலிஸ்டில் சேகரிக்கலாம், இடம் போதாதபோதெல்லாம் அது ஒன்றரை மடங்காக வளரும். எண்ணும் நடை முடியவே முடியாமல் ஓடினால் லிஸ்டில் சுழற்சி இருக்கிறது என்று பொருள். ஒன்று ஓர் அடியும் மற்றது இரண்டு அடியும் நகரும் இரண்டு பாயிண்டர்களை விட்டு, அவை சந்திக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அரேவிலிருந்து லிஸ்ட் கட்டும்போது கடைசி உறுப்பிலிருந்து பின்னோக்கி வந்தால் வால் பாயிண்டரே தேவையில்லை: புதிய நோடின் அடுத்தது பழைய தலை, புதிய தலை அந்த நோடு, அவ்வளவுதான். மெத்தட் தன்னையே கூப்பிடும் ரிகர்ஷனில் எழுதினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் லட்சம் உறுப்பு வந்தால் ஸ்டாக் நிரம்பிவிடும். லிங்க்டு லிஸ்டை வரிசைப்படுத்து என்று கேட்டால் மட்டும் அரேவில் கொட்டிவிட்டு நிற்காதீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பது நோடுகளை இரண்டாகப் பிரித்துச் சேர்க்கும் மெர்ஜ் சார்ட்.

ஜாவாவின் லிங்க்டுலிஸ்டை எழுதிய ஜாஷ் பிளாக்கே, அதை யாராவது உண்மையில் பயன்படுத்துகிறார்களா, எழுதிய நானே பயன்படுத்துவதில்லை என்று 2015-இல் ட்விட்டரில் சொன்னார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். லிஸ்ட்இட்டரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே நடுவில் சேர்ப்பதும் நீக்குவதும்தான் வேலை என்றால் அதற்கு இடமுண்டு. வாலில் சேர்த்துத் தலையில் எடுக்கும் க்யூ வேண்டுமென்றால் அரே மீது கட்டிய அரேடெக் இருக்கிறது, நல் மட்டும் அதில் போட முடியாது. நிபந்தனை பார்த்துப் பலவற்றை நீக்க வேண்டுமென்றால் ஜாவா 8-இன் ரிமூவ்இஃப் மெத்தடை அரேலிஸ்ட் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும்.

உங்கள் புரோகிராமில் நடப்பது கோப்பைப் படித்து வாலில் சேர்ப்பது, பிறகு அரேவாக்குவது மட்டும். அதற்கு லிங்க்டுலிஸ்ட் தேவையே இல்லை. நியூ லிங்க்டுலிஸ்ட் என்று இருக்கும் இடத்தில் நியூ அரேலிஸ்ட் போடுங்கள். வேரியபிளை லிஸ்ட் என்ற இண்டர்ஃபேஸ் வகையில் அறிவித்திருந்தால் மாற்றம் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். லைப்ரரிக்கு அனுப்பும் இடத்தில் டூஅரே(நியூ ஸ்டிரிங்[0]). திரும்பி வரும் அரேவைப் படிக்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால் ஆஸ்லிஸ்ட் போதும், சேர்ப்பதற்கோ நீக்குவதற்கோ என்றால் நியூ அரேலிஸ்ட்<>(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(அ)). வேரியபிளை லிங்க்டுலிஸ்ட் என்றே அறிவித்திருந்தால் அந்த வகையையும் லிஸ்ட் என்று மாற்ற வேண்டும், அப்போது ஆட்ஃபர்ஸ்ட், ரிமூவ்லாஸ்ட் போன்றவற்றைக் கூப்பிட்டிருந்தால் கம்பைலர் முரண்டு பிடிக்கும். ஜாவா 21-இல் இருந்தால் அதுவும் பிடிக்காது, அந்த மெத்தடுகள் லிஸ்ட் இண்டர்ஃபேஸுக்கே வந்துவிட்டன. ஆனால் அரேலிஸ்டில் ஆட்ஃபர்ஸ்ட் செய்தால் ஒவ்வொரு தடவையும் மற்ற உறுப்புகள் எல்லாம் ஓரிடம் நகர வேண்டும். கோடில் அது அடிக்கடி வருகிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.